இடம் மாறிய கூடாரம்

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, மாமியாரைக் காணவில்லை. வேறொரு நாளாக இருந்தால் குழாய்க்காரனுக்கு இந்தச் செய்தி தேனாக இனித்திருக்கும். இன்று இனிக்கவில்லை.

காரணம், காலையில் அவன் விட்ட வார்த்தை. காட்டுப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று கிளம்பினால், அத்தை தலையணை, போர்வை, குக்கர் என்று வண்டியை நிறைத்துவிட்டார். ஊரார் வீட்டு ஒழுகல்களை எல்லாம் அடைக்கிறவனுக்குச் சொந்த வாயை அடைக்கத் தெரியவில்லை. "நீங்க வராம இருந்தாலே நிம்மதியா இருந்திருக்கும் அத்தை" என்று சொல்லிவிட்டான். அத்தை உடனே காது கேட்கும் கருவியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

பூங்காவில் வாடகைக்குத் தந்த கூடாரங்கள் எல்லாம் ஒரே பச்சை, ஒரே அச்சு. அத்தை தையல்காரி, அடையாளம் வைக்காமல் எதையும் தொடமாட்டார். ஒரு சிவப்புத் துணியைக் கிழித்து, தங்கள் கூடாரத்துக்கு எதிரே இருந்த மரக்கிளையில் கட்டிவிட்டு, ஆற்றோரம் நடந்துவரப் போனார். "காட்டுக்கே பட்டா போட்டாச்சு" என்று மருமகன் மனைவியிடம் முணுமுணுத்தான்.

அந்த நேரம் பார்த்துக் கூடாரத்துக்கடியில் எறும்பு ஊர்ந்தது. புருஷனும் பெண்டாட்டியும் கூடாரத்தைப் பிடுங்கி, மேட்டுக்கு மறுபக்கம் கொண்டுபோய் நட்டார்கள். கயிறு இழுக்கவும் முளை அடிக்கவுமாக இருந்ததில் அத்தை நினைவே வரவில்லை.

அந்த நினைவு வந்தபோது நேரமாகியிருந்தது. பூங்காக் காவலர் விசில் ஊதினார். மனைவி கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனது. கருவி பைக்குள் இருக்கும்போது கத்தி என்ன பயன்? தண்ணீரோடு பிழைக்கிற குழாய்க்காரன் அன்றைக்கு ஆற்றைப் பார்க்கப் பயந்தான். அத்தையிடம் தான் கடைசியாகச் சொன்னது அந்தப் பாழாய்ப்போன வார்த்தையாகிவிடுமோ என்று மறுகினான்.

காவலர் படகுத்துறையில் சொல்லிவைக்கப் போனார். இவன் குறுக்கே மேட்டில் ஏறினான். கிளையில் சிவப்புத் துணி ஆடியது. அதற்கெதிரே, இவர்கள் காலி செய்த இடத்திலேயே, வேறொரு பச்சைக் கூடாரம். படகில் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பிய ஒரு குடும்பம் அதன் வாசலில் திகைத்து நின்றது. அங்கே அத்தையின் செருப்பு, ஜோடி பிசகாமல். உள்ளே குறட்டை.

அந்தக் குறட்டைக்காக வீட்டில் எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறான். இப்போது போன உயிர் திரும்பிவர, அப்படியே தரையில் உட்கார்ந்து விசும்பி அழுதான். அந்தக் குடும்பம் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தது.

மனைவி ஓடிவந்து அம்மாவைத் தட்டியெழுப்பியதும் அத்தை நிதானமாகக் கருவியை மாட்டினார். நடந்ததைக் கேட்டுக்கொண்டார்.

"தொலைஞ்சது நீங்கதான் மாப்பிள்ளை. நான் அடையாளம் வச்ச இடத்துலதான் இருக்கேன். என் தலையணையைக் காணோமேன்னு பார்த்தேன். சரி, வண்டிக்கே திருப்பி அனுப்பிட்டீங்க போலன்னு படுத்துட்டேன்."

காலையில் பேசியது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றான்.

"காலைலயா? காதுல கருவி இல்லையே, என்ன சொன்னீங்க?"

தான் பேசி முடித்த பிறகுதான் கருவி கழன்றது என்பது அவனுக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். அவன் கிளையிலிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அத்தை பின்னால் வருகிறாரா என்று வழியெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.