வாசலில் கட்டிய கதிர்

முசிறியில் பஸ் ஏறியதிலிருந்து அழகிரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிரைவர் டீ குடிக்க இறங்கினால் எரிச்சல், ரயில்வே கேட் மூடியிருந்தால் எரிச்சல். யார்மேல் எரிந்து விழுந்து என்ன பயன்? காரியத்தைச் செய்த புத்திசாலி அவனேதான்.

வருஷா வருஷம் தன் வயலின் முதல் நெற்கதிரைக் கொத்தாகக் கட்டி, உறையூரில் வாக்கப்பட்ட அக்கா வெள்ளையம்மாளுக்கு அனுப்புவான். அவள் அதை வாசல் நிலையில் தொங்கவிடுவாள். தெருக் குருவியெல்லாம் வந்து கொத்தும். பிள்ளையில்லாத அந்த வீட்டில் கேட்கிற சத்தம் அது ஒன்றுதான். இந்த அறுபத்திரண்டாம் வருஷம் அறுப்பு நெருங்கியும் பூச்சி விட்டபாடில்லை. புதிதாக வந்த மருந்துத்தூளை வாங்கி வயல் முழுக்கத் தூவினான். கதிர் பொன்னாக நின்றது. அதிலேயே அறுத்து நேற்று கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினான். இன்று காலை வரப்பில் பார்த்தால் குருவிகள் செத்துக் கிடந்தன.

அக்காவுக்குத் தெரியாமல் அவிழ்த்துக்கொண்டு வந்துவிடலாம் என்பது அவன் கணக்கு. உறையூரில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனான். நிலையில் கதிர் இல்லை. அப்போதுதான் மூச்சு வந்தது.

"அக்கா, கதிரைக் கட்டலையா?"

"கொத்து பெருசா இருந்துச்சு தம்பி. நான் மட்டும் வச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்? வீட்டுக்கு ஒரு பிடியா தெருவுக்கே குடுத்துட்டேன்."

அழகிரி விஷயத்தைச் சொன்னான். அவள் முகம் செத்துப்போயிற்று.

"பூச்சி இருக்குன்னு ஏதாவது சொல்லி நீயே திருப்பி வாங்கிடுக்கா."

"நான் தெரியாமக் குடுத்தேன். மருந்து அடிச்சது நீ. உள்ளதை நீயே போய்ச் சொல்லு."

அடுத்த வீடு பாப்பாயி வீடு. நிலையில் கட்டிய கதிரில் இரண்டு குருவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. துண்டை வீசி விரட்டினான். குருவியை விரட்டுகிறானே என்று பாப்பாயி கோபமாக வெளியே வந்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். அவள் கதிரை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தாள். பிறகு கேட்டாள்.

"அந்த வயல் நெல்லு இன்னும் நிக்குதாங்க?"

"நிக்குது."

"அதை யாரு சாப்பிடப் போறாங்க?"

அழகிரி நாளைக்கு அறுப்புக்கு ஆள் சொல்லியிருந்தான்.