பஸ்தியாம்பிள்ளையின் இரும்புத் தொப்பிகள்

மீன்பிடிக்கும் ஆச்சிப்பிள்ளையின் தோணிக்குள் அந்த இரும்புத் தொப்பி கவிழ்ந்து கிடந்தது. பஸ்தியாம்பிள்ளை அதைத் தொடவில்லை. உடையவர் தராமல் எதையும் அவர் தொட்டதில்லை. முதுகை வளைக்காமல் நின்றபடியே விளிம்பைப் பார்த்தார். வெள்ளைக்காரன் அடித்த முத்திரை துருவுக்குள் இன்னும் தெரிந்தது. சந்தேகமில்லை, அவருடைய பொறுப்பிலிருந்து தொலைந்தவற்றில் ஒன்றுதான்.

யுத்த காலத்தில் அவர் புளியந்தீவில் குண்டுவீச்சுக் காவல் வார்டன். பிரிட்டிஷ் பட்டாளத்தார் கொடுத்த தொப்பிகளை வீட்டு அறையொன்றில் பூட்டி வைத்திருந்தார். திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று சனத்தில் பாதி தோணியேறி வாவியைக் கடந்து எதிர்க்கரையான படுவான்கரைக்கு ஓடியது. கோட்டைப் பக்கம் காவல் நின்றுவிட்டு அவர் திரும்பி வந்தபோது அறை வெறுமையாகக் கிடந்தது. பூட்டு உடைபடவில்லை. விசாரணையில் வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்து, தன் வீட்டார் எவரும் அவற்றில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தார். விசாரித்தவர்கள் விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை. பழைய இரும்புக்கு விற்றுத் தின்றவர் என்றது.

அன்று தொடங்கிய அலைச்சல், வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போய்ப் பல வருடமாகியும் ஓயவில்லை. கதிரவெளியில் ஒரு தொப்பி கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கக் கிடந்தது. இன்னொன்று ஒரு வயல் வட்டையில், நெல்லுக்குக் காவலாக நட்ட வெருளியின் தலையில் இருந்தது. கேட்டு வாங்கி, துரு சுரண்டி, தேங்காயெண்ணெய் பூசி அடுக்கினார். எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

இன்றைக்கும் அதையே கேட்டார்.  ஆச்சிப்பிள்ளை வலையை உதறிக் கம்பில் போட்டாள்.

"ஐயா, உங்களுக்கும் வயசு போயிட்டு. இனியும் மறைச்சு என்னத்துக்கு? உங்கட ஊட்டம்மாதான் தந்தவ."

அவர் தொப்பியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"ஓட்டைத் தோணியில பிள்ளையளோட நிண்டு குழறினம். அவ அறையைத் திறந்து, தோணிக்கு ஒண்டாத் தந்தா, தண்ணி இறைக்க. அவவும் எங்களோடதான் வந்தவ. திரும்பிப் போகக்குள்ள நீங்க சத்தியம் பண்ணி முடிஞ்சுதாம். அதுக்குப் பொறகு எப்படிச் சொல்றதெண்டு அழுதா."

"வேற ஆருக்குத் தெரியும்?"

"தோணியில ஏறின எல்லாருக்கும் தெரியும் ஐயா."

அப்படியானால் இத்தனை வருடமும் அவர் படியேறிய ஒவ்வொரு வீட்டாருக்கும் தெரிந்திருக்கிறது. அவர் முகத்துக்காக, அவள் முகத்துக்காக, வாய் திறக்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இதை வெளியே சொன்னால் திருடன் என்ற பெயர் போகும், பொய்ச்சத்தியம் செய்தவன் என்ற பெயர் வரும். மனைவி செசீலியாவின் பெயரும் சந்தியில் இழுபடும்.

ஊரையெல்லாம் கேட்டவர் அவளிடம் மட்டும் கேட்டதில்லை. இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுடையது. அது செசீலியாவுக்குத் தாய் கொடுத்த வீடு, சாவிக்கொத்தும் அவள் இடுப்பில்தான். அவளுடைய வீட்டு அறையை யார் திறந்தது என்று அவளிடமே கேட்பது அவளைச் சந்தேகிப்பதாகும். கேட்காமல் இருப்பதைத்தான் அவர் மரியாதை என்று நினைத்திருந்தார்.

"வேணுமெண்டா எடுத்துப் போங்க," என்றாள் ஆச்சிப்பிள்ளை.

"வேணாம். தோணிக்குத் தேவைப்படும்."

வீட்டுக்கு வந்தபோது செசீலியா கிணற்றடியில் மணலை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கெடச்சுதா?"

"இல்ல. அது நம்மட தொப்பி இல்ல."

கத்தி நின்றது. அந்தத் தோணியில் கிடப்பது எந்தத் தொப்பி என்று அவளைவிட யாருக்குத் தெரியும். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மணிக்கட்டுவரை செதிள் ஒட்டியிருந்த கையால், பக்கத்தில் கிடந்த பலகையை அவர் பக்கம் தள்ளினாள்.

"இரிங்க."

கிணற்றடியில் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. கோட்டோடேயே மெல்ல இறங்கி அமர்ந்தார். மதிலில் இருந்த காகமொன்று சட்டியை நோக்கி எட்டு வைத்தது. இருவரும் அதை விரட்டவில்லை.