தொப்பியில் ஒட்டிய மூக்குகள்

எங்கள் பெர்லின் பல்கலைக்கழகத்தில் யாராவது முனைவர் பட்டம் வாங்கினால், கூட வேலை பார்க்கும் நாங்கள் அட்டையில் தொப்பி செய்து தலையில் வைப்போம். எதை ஆராய்ந்தார்களோ அதைத் தொப்பியில் ஒட்ட வேண்டும். தவளையை ஆராய்ந்தவனுக்குத் தவளை பொம்மை. எங்களோடு வேலை பார்க்கும் யூடித் ஆராய்ந்ததோ, யூதர்களை இழிவுபடுத்தி நாஜிக்கள் பத்திரிகைகளில் போட்ட கேலிச்சித்திரங்களை. அவளும் யூதப் பெண்தான். தொப்பி வேலையை என் தலையில் கட்டிவிட்டு மற்ற எல்லோரும் நழுவிவிட்டார்கள், கோழைகள்.

அந்தப் படங்களை ஒட்டினால் அவளுடைய நல்ல நாள் நாசமாகும். வெறும் தொப்பியைக் கொடுத்தால் அவள் உழைப்பைச் சொல்லவே நாங்கள் கூசுவதாக ஆகும். எனக்கு அழுகையே வந்தது. பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வன்று காலை அவள் அப்பா சாலோவுக்குப் போன் போட்டேன்.

"இதுக்கா இந்த ஒப்பாரி? ஏம்மா விப்கே, அவ என்னத்தக் கண்டுபிடிச்சா, ஒரே வரியில சொல்லு."

"பேங்க்காரன், கசாப்புக்காரன், டாக்டர், எந்த யூதர வரைஞ்சாலும் நுனி வளைஞ்சு தொங்குற அதே பெரிய மூக்குதான் அங்கிள். வரைஞ்சவன் ஒருத்தரையும் நிமிர்ந்துகூடப் பாக்கல."

"அப்ப நாம பாப்போம். கத்திரிக்கோல எடுத்து வை, வர்றேன்."

குடும்பக் கல்யாணப் படம் ஒன்றைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு வந்தார். உட்கார்ந்து மூக்கு மூக்காக வெட்டினார். சப்பை மூக்கு, உருளைக்கிழங்கு மூக்கு, இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டிய மூக்கு. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. கடைசியில் என்னை உற்றுப் பார்த்தார். "உன்னோட படமும் ஒண்ணு குடு."

மாலையில் யூடித் முனைவராக வெளியே வந்தாள். தொப்பியைப் பார்த்ததும் ஒரே கூச்சல். "ஐயோ, இது எங்க மிரியாம் அத்தை! அப்பா, இது நீங்க!"

சாலோ கையைத் தட்டினார். "இதுல ஒரு மூக்கு மட்டும் எங்க குடும்பமில்ல. யாருதுன்னு சொல்லுங்க பாப்போம்."

அவளுடைய பேராசிரியர் முந்திக்கொண்டு ஒரு சின்னச் சப்பை மூக்கைத் தொட்டார்.

"அது என் மாமியார்" என்றார் சாலோ. அடுத்து வந்தவர்களும் சின்ன மூக்குகளையே தொட்டார்கள். நுனி வளைந்து தொங்கிய பெரிய மூக்கின் பக்கம் ஒரு விரல்கூடப் போகவில்லை.

சாலோ அதைத் தொட்டுக் காட்டினார். "இதுதான். நம்ம விப்கேயோடது. கிறிஸ்தவப் பாதிரியார் பொண்ணோட மூக்கு!"

பேராசிரியரின் முகம் சிவந்துவிட்டது. "நானுமா ஏமாந்தேன்?"

"நீங்களுந்தான் சார்" என்றாள் யூடித், சிரித்துக்கொண்டே. "அந்தக் கேலிப்படங்கள வரைஞ்சவன் செத்து எவ்வளவோ வருஷமாச்சு. இன்னும் உங்க விரலப் பிடிச்சு அவன்தான் காட்டுறான்."

பிறகு பேராசிரியர் தன் அடையாள அட்டையிலிருந்த படத்தை உருவினார்.

"விப்கே, அந்தக் கத்திரிக்கோல் எங்கம்மா? உன் மூக்குக்குப் பக்கத்துல எனக்கும் ஒரு இடம் குடு."