மூன்றடி குறைச்சல்

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த வருஷங்களில், மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில், நாச்சிமுத்து தன் வீட்டுப் புழக்கடையில் ஒரு கூரைக் கொட்டகை போட்டான். நாலு மூங்கில் கால், மேலே கரும்புத் தோகை, மூன்று பக்கமும் தென்னந்தட்டி. போட்டு முடிக்க ஒரு பகல் போதுமானதாக இருந்தது. அதைக் காப்பாற்ற அவன் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம்.

கொட்டகை அவன் மனைவி பூவாத்தாளுக்காக. சேலத்து டாக்டர் அவள் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு க்ஷயரோகம் என்று சொல்லிவிட்டார். காற்றோட்டமான இடத்தில் தனியே படுக்க வேண்டும், தட்டும் டம்ளரும் தனியே இருக்க வேண்டும், குழந்தையைக் கிட்டே விடவே கூடாது என்றார். கடைசியாகச் சொன்னதுதான் நடக்கிற காரியமாக இல்லை. அவர்களுக்குப் பிறந்ததில் தங்கியது செல்லாயி ஒருத்திதான். ஆறு வயசு, எதைப் பார்த்தாலும் மேலே விழுந்து கட்டிக்கொள்கிற பெண். பூவாத்தாளின் பிறந்த வீட்டில் கேட்டுப் பார்த்தான். அண்ணன்மார் வாசலோடு பேசி அனுப்பிவிட்டார்கள். வாடகைக்கு ஒரு குடிசைச் சாளைகூட யாரும் விடவில்லை. கடைசியில் வீட்டுக்குள் குழந்தை, புழக்கடையில் தாய் என்று ஆயிற்று.

செல்லாயி பின்வாசற்படியில் நின்றபடி பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அளப்பாள். பூவாத்தாள் கொட்டகைக் கட்டிலில் உட்கார்ந்து உம் கொட்டுவாள். படியை விட்டு இறங்கினால் ஆத்தாளுக்குச் சீக்கு அதிகமாகிவிடும் என்று குழந்தையிடம் சொல்லி வைத்திருந்தார்கள். பொய்தான், ஆனால் அந்தப் பொய்யால்தான் அவள் இறங்காமல் இருந்தாள். மழைக்காலம் முழுக்கத் தாய் மகளைத் தொடவில்லை.

அடுத்த வீட்டுக் கைலாசம் பஞ்சாயத்து போர்டுக்கு மனுக் கொடுத்தது அப்போதுதான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முந்தின கோடையில் ஒரு கூரை பற்றி வீதியே சாம்பலான ஊர் அது. அவன் சமையல்கட்டோ மதிலை ஒட்டியே இருந்தது. அவனுக்கும் பிள்ளைகள் உண்டு, இருமல் சத்தம் அவன் வீட்டுக்கும்தான் கேட்டது. ஆனாலும் மதிலுக்கு மேலே தலையை நீட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனுஷன் வாயை அடகு வைத்துவிட்டுக் காகிதத்தால் பேசினான்.

போர்டு ஓவர்சியர் வந்து டேப்பைப் பிடித்து அளந்தார். தீ விபத்துக்குப் பிறகு வந்த விதியை நிதானமாகவே எடுத்துச் சொன்னார். ஆள் குடியிருக்கிற கூரைக் கொட்டகை பக்கத்து மதிலிலிருந்து ஆறடி தள்ளி இருக்க வேண்டும். இது மூன்றடிதான் தள்ளியிருக்கிறது. அடுத்த சந்தை நாளுக்குள் பிரித்துவிட வேண்டும்.

மதிலை விட்டு இந்தப் பக்கம் நகர்த்தலாம் என்றால் கொட்டகைக் கால் கிணற்று மேடையில் போய் நின்றது. கிணற்றை ஒட்டி எதுவும் கட்டக்கூடாது என்பது இன்னொரு விதி. வாசல் பக்கம் வீதி. நாச்சிமுத்து கயிற்றை எடுத்துக்கொண்டு நீளமாக, அகலமாக, மூலைக்கு மூலை அளந்தான். மூன்றடி எங்கிருந்தும் வரவில்லை. கயிறும் கையுமாக அவன் கிணற்றடியில் உட்கார்ந்து அழுததைப் பூவாத்தாள் கட்டிலிலிருந்து பார்த்தாள். தன்னைக் காட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும்படி சொன்னாள். அவன் அவளைத் திட்டினான்.

ஒரே ஒரு வழி இருந்தது. ஓவர்சியர் போகிற போக்கில் சொன்னதுதான் அது. மாடு கட்டுகிற கொட்டகையானால் மூன்றடியே போதுமாம். மனுஷிக்கு ஆறடி, மாட்டுக்கு மூன்றடி. எந்தப் புண்ணியவான் போட்ட கணக்கோ! நாச்சிமுத்து அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். போர்டுக்கு ஓடி, மாட்டுக்குத்தான் போட்டது, ஆளைக் காலி செய்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தான். ஓவர்சியர் மறுபடி பார்க்க வரும் அன்று மட்டும் அங்கே மாடு நின்றால் போதும். அப்புறம் பூவாத்தாள் தன் கட்டிலுக்கு வந்துவிடலாம்.

பங்காளி வீட்டில் ஒரு பசுவை இரவல் வாங்கி வந்து கட்டினான். கட்டிலைத் தூக்கி உள்ளறையில் போட்டான். பூவாத்தாளை அதில் உட்கார வைத்து, இருமல் வந்தால் அடக்க வாயில் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொள்ளச் சொல்லிக் கதவைச் சாத்தினான். செல்லாயியை முன்னதாகவே பள்ளிக்கூடத்துக்குத் துரத்திவிட்டான். அவளிடம் மட்டும் எதையும் சொல்லவில்லை. உளறிவிடுவாள் என்று பயம்.

ஓவர்சியர் வந்தார். பசுவைப் பார்த்தார், சாணத்தைப் பார்த்தார், டேப்பை நீட்டி மதிலுக்கும் காலுக்கும் நடுவே பிடித்தார். எல்லாம் சரிதான் என்கிற மாதிரி தலையை ஆட்டினார். பிறகு, மனுவில் இருக்கிற சீக்குக்காரப் பெண் எங்கே என்று கேட்டார். பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக நாச்சிமுத்து சொன்னான்.

"திரும்பி வந்தா எங்கே படுப்பாங்க? இதிலேதானே?"

இத்தனை தூரம் வந்தாயிற்று, இன்னும் ஒரு சொல்தான் பாக்கி என்று நாச்சிமுத்துவுக்குத் தோன்றியது. அந்தச் சொல் எது என்று யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது.

"வரமாட்டாளுங்க. போன வெள்ளிக்கெழம அங்கியே செத்துப்போயிட்டாளுங்க."

ஓவர்சியர் தொப்பியைக் கழற்றினார். அவர் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தபோது, நாச்சிமுத்து பின்வாசற்படியைப் பார்த்துவிட்டான். படியில் செல்லாயி நின்றுகொண்டிருந்தாள். வாத்தியாருக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டிருந்தார்கள். அவள் கொட்டகையைப் பார்த்தாள். கட்டில் இருந்த இடத்தில் பசு நின்றது.

"எங்காத்தா செத்துப்போச்சா?"

இல்லை என்றால் கொட்டகை போயிற்று. ஆமாம் என்று எந்த அப்பனால் சொல்ல முடியும்? நாச்சிமுத்து விழித்துக்கொண்டு நிற்க, குழந்தை அந்தப் படியிலேயே விழுந்து புரண்டது. இழவு வீட்டில் பெரியவர்கள் அழுவதைப் பார்த்த குழந்தை, அதே மாதிரி மாரில் அடித்துக்கொண்டு அழுதது. பெற்றவள் சுவருக்கு அந்தப்பக்கம் உயிரோடு உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எத்தனை நேரம்தான் கேட்பாள்? வாயில் திணித்த துணியைப் பிடுங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்வாசலுக்கு வந்தாள்.

"நான் சாவல சாமி. இங்கதான் இருக்கறேன்."

குழந்தை எழுந்து பாய்ந்தது. பூவாத்தாள் நிலைதடுமாறி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். செல்லாயி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் கன்னத்தை வைத்து இழைந்தாள். ஓவர்சியர் டேப்பைச் சுருட்டினார். சந்தை நாளுக்குள் பிரித்துவிடுங்கள் என்று மட்டும் தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

பூவாத்தாளுக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"புள்ளையப் பிரிச்செடுங்க. ஏனுங்க, பாத்துக்கிட்டே நிக்கறீங்க, எடுங்க."

நாச்சிமுத்து ஓடிவந்து குனிந்தான். குழந்தையின் கையை விலக்குவது பெரிய காரியமாக இல்லை. பூவாத்தாளின் விரல்களைத்தான் அவன் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.