வாத்தியாரம்மாவின் வலது பக்கம்

அன்று காலை மழை பெய்துகொண்டிருந்ததா, விட்டிருந்ததா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. லாயத்தின் தகரக் கூரையில் சத்தம் கேட்டதாக ஞாபகம். அத்தானைக் கேட்டால் நல்ல வெயில் என்பார். அவரையும் முழுசாக நம்ப முடியாது. அந்தக் காலையின் கதையில் வருஷத்துக்கு வருஷம் அவருடைய பங்கு கூடிக்கொண்டே போகிறது. அக்கா எதுவும் சொல்லமாட்டாள். ஆனால் அவள் குதிரையின் எந்தப் பக்கம் நின்றாள் என்பதில் மட்டும் எங்கள் மூவருக்கும் சந்தேகமில்லை.

மலையடிவாரத்தில், ஏரிக்கு எட்டின தூரத்தில், அக்காவும் அத்தானும் ஏழெட்டுக் குதிரைகள் வைத்திருந்தார்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் குதிரைமேல் காட்டுப் பாதையில் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவருவது தொழில். நான் அக்காவின் தங்கை. வேலை கிடைக்கும்வரை இருக்கலாம் என்று வந்தவள், வேலை தேடுவதை மறந்து அங்கேயே தங்கிவிட்டேன். ஓசிச் சோறு என்று அத்தான் கேலி செய்வார். விடிந்தால் லத்தி அள்ளுகிறவளைப் பார்த்து அப்படிச் சொல்ல வாய் எப்படி வருகிறது என்று நான் கேட்பேன்.

வரிசையில் முதலில் போகிற பெண்குதிரைக்கு வாத்தியாரம்மா என்று பெயர் வைத்தது அத்தான்தான். பின்னால் வருகிற குதிரை முந்தப் பார்த்தால் வாத்தியாரம்மா காதை மடக்கி ஒரு பார்வை பார்க்கும். அந்தக் குதிரை பாடம் படிக்காத பிள்ளை மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விடும். மற்றவையெல்லாம் முன்னால் ஆடுகிற வாலைப் பார்த்து நடப்பவை. வாத்தியாரம்மா நின்றால் எல்லாம் நின்றுவிடும். அதன்மேல் அக்கா மட்டும்தான் போவாள்.

முன்பெல்லாம் காட்டுக்குள் ஏறி, மேட்டைச் சுற்றி, ஏரிக்கரை வழியாகத் திரும்புவோம். தண்ணீர் எங்களுக்கு இடது பக்கம் இருக்கும். நடந்து வருகிறவர்கள் கூடிப்போனதால், குறுகலான இடங்களில் எதிரெதிரே முட்டிக்கொள்ளாமல் இருக்க, எல்லோரும் ஒரே திசையில்தான் போகவேண்டும் என்று வனக்காவலர் சொன்னார். அதற்குப் பிறகு ஏரியில் தொடங்கிக் காட்டில் முடித்தோம். தண்ணீர் வலது பக்கம் வந்தது. அதில் என்ன இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

சில வாரங்களில் அக்கா விழுந்தாள். நாணல் புதரிலிருந்து நீர்க்கோழிகள் படபடவென்று எழுந்தன. ஆயிரம் தடவை பார்த்த நீர்க்கோழிகள். வாத்தியாரம்மா மலைப்பக்கமாக ஒரே துள்ளாகத் துள்ளியது. அக்கா கரைப்பக்கம் பாறைமேல் விழுந்தாள். வலது தோள் எலும்பு முறிந்தது. நான் வரிசையின் கடைசியில் இருந்தேன். ஓடிப்போய்ப் பார்க்கும்போது அவள் வலியில் முகம் சுளிக்கவில்லை. குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்தவளே காட்டிக்கொடுத்தால் ஒருத்தி பார்ப்பாளே, அந்த மாதிரி.

எலும்பு கூடிவிட்டது. அக்கா ஏறவில்லை. டெலிபோன் எடுத்தாள், சேணங்களுக்கு எண்ணெய் தடவினாள், சமையலறையில் தேவையில்லாத பாத்திரங்களைத் துலக்கினாள். நாங்கள் கிளம்பும் நேரத்தில் மட்டும் உள்ளே ஏதாவது வேலை வந்துவிடும். ஏன் ஏறவில்லை என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் முக்கியமானதைக் கேட்கிற வழக்கம் கிடையாது. அடுப்புக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு முக்காலியில் உட்கார்ந்து, காய்கறி நறுக்கியபடி, மணிக்கணக்காகப் பேசாமல் இருப்போம்.

வாத்தியாரம்மாவை நான் ஓட்டினேன். நாணல் புதர் வந்தால் நட்டுவைத்த கல் மாதிரி நின்றுவிடும், உடம்பெல்லாம் நடுங்கும். பின்னால் மொத்த வரிசையும் நின்று, வந்தவர்கள் என்ன என்ன என்று எட்டிப் பார்ப்பார்கள். இறங்கி, இடது பக்கம் நின்று, கழுத்தைத் தடவி, நடத்திக் கூட்டிப்போவேன். லாடம் அடிக்க வருகிறவர் குளம்பில் ஒரு குறையும் இல்லை என்றார். மனசில்தான் ஏதோ என்று சொல்லி, ஆணிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒருநாள் சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: “நம்ப முடியாத குதிரைமேல யாரையும் ஏத்தக் கூடாது. குடுத்துடலாம்.”

அத்தான் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. பக்கத்துப் பழத்தோட்டக்காரர் வண்டியிழுக்க ஒரு குதிரை கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லியாயிற்று. அது போய்விட்டால் அக்கா இனி எந்தக் குதிரைமேலும் ஏறமாட்டாள் என்று எனக்குப் பட்டது. அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு வாரம் முயன்றேன். நாக்கு எழவில்லை.

அந்தக் காலை பழத்தோட்டக்காரர் லாரியோடு வந்து முற்றத்தில் நின்றார். நான் தலைக்கயிற்றை எடுக்கப் போனேன். அக்கா கையை நீட்டினாள்.

“குடுடி. நானே கூட்டிட்டு வரேன்.”

குதிரையை இடது பக்கம் நின்றுதான் பிடிப்பது. இடது பக்கம்தான் ஏறுவது, இறங்குவது, சேணம் கட்டுவது, தலையைத் துடைப்பது, நடத்துவது. எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். போதாததற்கு வாத்தியாரம்மாவின் அறை லாயத்தின் கடைசி; குதிரையின் வலது பக்கம் எப்போதும் சுவரை ஒட்டியிருக்கும். ஆனால் இடது பக்கம் நின்றால் வலது கையால் கயிறு பிடிக்கவேண்டும். அக்காவின் வலது கைக்கு இன்னும் பலம் வரவில்லை. அதனால் சுவருக்கும் குதிரைக்கும் நடுவில் புகுந்து, வலது பக்கமாகப் போய், இடது கையை நீட்டினாள்.

விரல் கன்னத்தில் பட்டதும் வாத்தியாரம்மா திடுக்கிட்டுத் தலையைத் தூக்கியது. பாத்தியா என்று அக்கா சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே நின்றாள். பிறகு காற்றுப் படாமல், சத்தமில்லாமல், உள்ளங்கையை அதன் வலது கண்ணுக்கு முன்னால் கொண்டுபோனாள். கண் இமைக்கவில்லை. கையை எடுத்தாள், மறுபடி கொண்டுபோனாள். இமைக்கவில்லை. கதவு வெளிச்சத்தில் நான் குனிந்து பார்த்தபோது, அந்தக் கண்ணின் ஆழத்தில் பால் கலந்த தண்ணீர் மாதிரி ஒரு மங்கல் தெரிந்தது. எத்தனை மாதமாக இருந்ததோ. தண்ணீர் வலது பக்கம் வந்த நாளிலிருந்து நாணலும் நீர்க்கோழியும் அதற்குத் தெரியாத பக்கத்தில் இருந்திருக்கின்றன. நாங்கள் மூன்று பேரும் தினமும் தொட்ட குதிரை.

அக்கா அதன் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வாத்தியாரம்மா பெருமூச்சு விட்டது.

“அடிப் பாவி,” என்றாள் அக்கா மெதுவாக. “சொல்லக் கூடாதா?”

“சொல்லித்தான் பாத்துச்சு,” என்றார் அத்தான். “நம்ம வீட்ல யாரு யாருக்குக் காது குடுக்கிறோம்?”

அவர் அப்படிச் சொன்னாரா, பிற்பாடு சேர்த்துக்கொண்டாரா தெரியாது. பழத்தோட்டக்காரர் சொன்னது மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது. எட்டிப் பார்த்துவிட்டு, தான் கட்டிய பெண்டாட்டியே தன் நல்ல பக்கத்தைப் பார்த்ததில்லை, குதிரையைச் சொல்லி என்ன என்று சிரித்தார். டீ குடித்துவிட்டு வெறும் லாரியை ஓட்டிக்கொண்டு போனார்.

கால்நடை மருத்துவர் அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பாது என்றும் மற்றது நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். அக்கா தினமும் வலது பக்கம் நின்று அதோடு பேசினாள். என்னோடு பேசியதைவிட அதிகமாகப் பேசினாள். தொடுவதற்கு முன்னால் குரல், குரலுக்குப் பிறகு கை. ஏரிக்கரையில் வாத்தியாரம்மாவை ஆள் ஏற்றாமல் கயிற்றில் பிடித்துக்கொண்டு, என் குதிரையை அதற்கு வலது பக்கம், தண்ணீருக்கும் அதற்கும் நடுவில், தோளோடு தோள் ஒட்டி நடத்தினேன். முதல் தடவை பக்கத்தில் இன்னொரு குதிரையா என்று காதை மடக்கியது. பிறகு ஒப்புக்கொண்டது.

இலைகள் உதிரத் தொடங்கிய ஒரு காலையில், யாரிடமும் சொல்லாமல், அக்கா பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். அத்தான் அவளை ஏற்றிவிட்டார். நாணல் புதர் வந்தது. அக்கா கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தாள். நீர்க்கோழிகள் எழுந்தன. வாத்தியாரம்மாவின் தோல் ஒரு தடவை சிலிர்த்தது.

“நீர்க்கோழிதான்டி,” என்றாள் அக்கா, வலது காதுப் பக்கம் குனிந்து. “போ.”

அது போனது. ஏரி முடிந்து காட்டுக்குள் நுழைந்தோம். மேட்டின்மேல் வெயில் விழுந்த இடத்தில் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, பசிக்கிறது என்றாள்.

வாத்தியாரம்மா அதற்குப் பிறகும் பல வருஷம் வரிசையின் முன்னால் போய், ஒரு குளிர்காலத்தில் தன் அறையிலேயே படுத்துச் செத்தது. அத்தானுக்கு இப்போது முழங்கால் வலி. லாயத்து வாசலில் நாற்காலி போட்டு எல்லோரையும் அதட்டுகிறார். பழத்தோட்டக்காரர் டிராக்டர் வாங்கிவிட்டார். லாடம் அடிக்கிறவர் குளம்பைத் தூக்குமுன் இரண்டு கண்ணையும் பார்க்கிறார். அக்கா இன்னும் ஏறுகிறாள். நான் வேலை தேடவே இல்லை.