காலில் விழாத வீடு

கல்யாணமான மறுநாள் காலையில் சபிதா குனிந்து பாதத்தைத் தொட்டதும், அய்யம்மாள் நெருப்பை மிதித்தவள்போல விலகினாள். ஒடிசாவிலிருந்து சிவகாசிக்கு அட்டைப்பெட்டி கம்பெனி வேலைக்கு வந்த பெண் சபிதா. கூட வேலை பார்த்த அன்பரசன் விரும்பிக் கட்டிக்கொண்டான். அவள் ஊரில் பெரியவர்களின் காலைத் தொடாமல் பொழுது விடியாது. இந்த வீட்டிலோ யாரும் யார் காலிலும் விழக் கூடாது. அது அய்யம்மாள் போட்ட சட்டம்.

காரணம் மகனுக்கே தெரியாது. அய்யம்மாளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, அவளை நிலக்காரர் வயலில் களையெடுக்க விடாமல் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பினார் தகப்பனார் சங்கிலிமுத்து. அந்தக் குற்றத்துக்குக் களத்தில் ஊர் பார்க்க அவரைக் காலில் விழ வைத்தார்கள். விழுந்தவருக்கு ஐம்பது வயது. நின்றவன் நிலக்காரர் மகன், மீசைகூடச் சரியாக முளைக்காதவன். நெற்றி மண்ணைத் துடைக்காமலே வீடு வந்தவர், அதன்பிறகு மகள் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. 

சபிதாவுக்கு இதையெல்லாம் யார் சொன்னார்கள்? மாமியாருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றே முடிவுகட்டிவிட்டாள். பிரசவத்துக்குத் தாய்வீடு போனால் திரும்பி வரப்போவதில்லை என்று புருஷனிடம் சொல்லியிருந்தாள். அவளைக் கொண்டுபோய் விடக் கிளம்பிய அன்பரசன், விருதுநகர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போதுதான், வழியனுப்ப வந்திருந்த அம்மாவிடம் அதைச் சொன்னான். அய்யம்மாள் மருமகளிடம் போனாள்.

சபிதா எட்ட நின்றே கும்பிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"எங்கய்யாவ ஒரு சின்னப்பய கால்ல விள வச்சாங்க தாயி. நா பாத்துக்கிட்டு நின்னேன். அதான் ஒன்னயக் குனிய விடல. ஒம்மேல எனக்கு என்ன கோவம்?"

சொல்லிவிட்டு அய்யம்மாள் பிளாட்பாரத் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். பக்கத்து இடத்தைக் கையால் தட்டினாள்.

"நீயும் உக்காரு. உக்காந்துக்கிட்டே தொடு."

அன்பரசன் பையை இறக்கி வைத்துவிட்டு மனைவியைக் கைத்தாங்கலாக உட்கார வைத்தான். சபிதா அந்த வெடித்த பாதங்களைத் தொட்டு, அந்தக் கையைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அய்யம்மாளிடம் அதுவரை யாரும் ஆசீர்வாதம் கேட்டதில்லை. மருமகளின் தலையில் கைவைத்தாள்.

"பிள்ளையத் தூக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துரு."

சபிதா அவள் தோளைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள். வருகிறேன் என்று தலையசைத்துவிட்டுப் புருஷனோடு ரயிலேறினாள்.

ரயில் போன பிறகும் அய்யம்மாள் எழவில்லை. அப்பாவின் காலைத் தான் ஒருநாளும் தொட்டதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. நீட்டிய கால்களைப் பார்த்தபடி அழுதாள்.