மாடிக் கணப்பு

2023 அக்டோபர் 9, திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, இத்தாலியின் ஸோல்டோ பள்ளத்தாக்கில் ஃபாவுஸ்தோவின் வீட்டுக்கு ரென்ஸோ கணப்புகளைச் சுத்தம் செய்ய வந்தார்.

அந்த வீட்டில் மரக்குறுணை போட்டு எரிக்கும் பெல்லட் கணப்புகள் மூன்று: சமையலறையில் ஒன்று, கீழ் நடையில், தம்பதியின் படுக்கையறையை ஒட்டி, ஒன்று, மாடியில் மகன் டெனிஸின் அறையில் ஒன்று. ஃபாவுஸ்தோ முப்பது வருடம் ஜெர்மனியில் ஐஸ்கிரீம் கடை நடத்தியவர். பள்ளத்தாக்கின் மற்ற ஆண்களைப் போல, அக்டோபரில் கடையை மூடிவிட்டுப் பனிக்காலத்துக்கு வீடு திரும்பிவிடுவார். இப்போது கடை டெனிஸின் கையில். அவனும் எந்த வாரமும் வந்து நிற்கலாம், வரும்போது அறை சூடாக இருக்க வேண்டும் என்பார். இடுப்பு அறுவைக்குப் பின் அவரால் படியேற முடியவில்லை. பதினைந்து கிலோ மூட்டைகளை மாடிக்குத் தூக்குவது மனைவி லூயிசெல்லாவின் வேலையானது. சென்ற பனிக்காலம் முழுவதும் மாலைதோறும், "மேல எரியுதா?" என்று கேட்டார். "எரியுது" என்றாள். எரியவில்லை.

கீழே இரண்டும் முடிந்ததும் ரென்ஸோ சாம்பல் உறிஞ்சும் இயந்திரத்தைத் தூக்கினார்.

"மேல வேண்டாம் ரென்ஸோ, அது நல்லாத்தான் இருக்கு" என்றாள் லூயிசெல்லா.

"பையன் வந்து புகையில மூச்சடைச்சுக் கெடக்கட்டுமா?" என்றார் ஃபாவுஸ்தோ. "நீ போப்பா."

ஒவ்வொரு கணப்பும் தான் எரிந்த நேரத்தைக் கணக்கு வைத்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பாத்திரம் கழுவும் தொட்டியருகே, கையில் ஈரத்துணியோடு நின்றாள்.

மாடியிலிருந்து ரென்ஸோவின் குரல் வந்தது. "சினியோரா, போன தடவை நான் வந்துட்டுப் போனதுலருந்து பதினோரு மணி நேரந்தான் எரிஞ்சிருக்கு. சாம்பலே இல்ல. என்னத்த சுத்தம் பண்ண, தூசியவா?" சிரிப்புச் சத்தமும் கேட்டது.

ரென்ஸோ வேனில் ஏறிப்போனதும் ஃபாவுஸ்தோ அவள் பக்கம் திரும்பினார்.

"முதுகு வலின்னா சொல்லியிருக்கலாம்."

"முதுகு இல்ல."

"பின்ன?"

"போன வருஷம் மேல பத்தவச்ச ரெண்டாம் நாளே டெனிஸ் போன் பண்ணான். பிள்ளைங்க பள்ளிக்கூடம் அங்கதான், கடையையும் இனி மூடப்போறதில்லையாம். பனிக்காலத்துல வாஃபிள் போடுறானாம். வரமாட்டான், ஃபாவுஸ்தோ."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னைத்தான் சொல்லச் சொன்னான். தான் சொன்னா 'அப்பா கத்துவாரு'ன்னான். எனக்கும் சொல்ல மனசு வரல."

"ஒரு பனிக்காலம் முழுக்க. தெனமும் என் மூஞ்சியப் பாத்து எரியுதுன்னு சொன்ன."

"தெனமும் நீதானே கேட்ட."

அவர் கத்தவில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். மூட்டையொன்றை இழுத்துவந்து படியில் வைத்தார். கீழ்ப்படியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றிப் பின்பக்கமாக ஒரு படி ஏறி, மூட்டையை இழுத்துக்கொண்டார். அடுத்த படி. பதினாறு படிகளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் ஒருமுறை அவள் கை நீட்டினாள்.

"தொடாத."

மதியம் மேலே கணப்பின் விசிறி ஓடும் சத்தம் கேட்டது. மாலையில் சூப்பைக் கொண்டுபோய் அறை வாசலில் வைத்தாள். கதவு மூடியிருந்தது.

அந்தப் பனிக்காலம் முழுவதும் ஃபாவுஸ்தோ மாடியறையில் படுத்தார். லூயிசெல்லா சமையலறையில் மடக்குக் கட்டிலைப் போட்டுக்கொண்டாள். நடையில் இருந்த கணப்பை யாரும் பற்றவைக்கவில்லை.